உன்னை யார் கூட்டி வந்தது?

இந்த இதழுக்கு வந்த லினக்ஸ் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "ஒன்றைத்தான் போடச் சொன்னேன், கூடவே பத்து வந்து உட்கார்ந்துவிட்டது." அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். வழக்கம் போல கட்டளைகளைக் காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு சாஃப்ட்வேரை ஏற்றுவதற்காகக் கட்டித் தரும் மூட்டைதான் 'பேக்கேஜ்'. அந்தச் சொல்லுக்குக் கணித்தமிழ் நண்பர்கள் 'பொதி' என்று வைத்திருக்கிறார்கள். கழுதை முதுகை நினைத்துக்கொண்டால் இன்றைய கடிதங்களுக்கு அதுவே பொருத்தம்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: எங்கள் துறையின் இணையதளம் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் போட்டு ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பெண் பக்கத்துக்காக பி.எச்.பி. மொழியைப் போட்டேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. நாலு நாள் கழித்து கரண்ட் போய் வந்ததும், எங்கள் தளத்துக்குப் பதிலாக 'இட் வொர்க்ஸ்!' என்று அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வரின் பக்கம் வருகிறது. நான் அப்பாச்சியைத் தொடவே இல்லை அக்கா.

தொடவில்லைதான். ஆனால் 'ஒய்' அழுத்தினாயே!

டெபியனில் 'பி.எச்.பி.' என்ற பேக்கேஜ் வெறும் பெயர்ப்பலகை. அது டெபியன் 12-இல் பி.எச்.பி. 8.2-ஐக் கைகாட்டும். அந்த 8.2 தனக்கு வேண்டியதைச் சொல்லும் வரியில் மூன்று பெயர்களை வைத்திருக்கிறது: அப்பாச்சிக்கான பி.எச்.பி. மாட்யூல், அல்லது பி.எச்.பி.யைத் தனியாக ஓட்டும் எஃப்.பி.எம்., அல்லது சி.ஜி.ஐ. இந்த 'அல்லது'வை நடுவில் நிற்கும் ஒரு செங்குத்துக் கோடு குறிக்கும். மூன்றில் எதுவுமே மெஷினில் இல்லையென்றால், பேக்கேஜ்களை ஏற்றி நீக்கும் 'ஆப்ட்' என்ற கருவி முதலில் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளும். வாசலில் என்ஜின்எக்ஸ் உட்கார்ந்திருப்பதை அது பார்ப்பதில்லை. மாட்யூல் வந்தது, மாட்யூலின் பின்னால் அப்பாச்சியும் வந்தது.

அன்றைக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், வெப் சர்வருக்கான வாசலாகிய 80-ஆம் போர்ட்டை என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. அப்பாச்சி எழுந்து பார்த்து, இடமில்லை என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் படுத்துவிட்டது. கரண்ட் போய் மெஷின் புதிதாக எழுந்தபோது இரண்டும் ஓடின, அப்பாச்சி முந்திக்கொண்டது. பஸ்ஸில் துண்டு போட்ட கதைதான். 'சூடோ எஸ்.எஸ். -எல்.டி.என்.பி.' என்று அடித்தால் 80-இல் யார் துண்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

சரி செய்வதில் வரிசை முக்கியம். அப்பாச்சியை முதலில் நீக்கப் போகாதே. மூன்றில் ஒன்று கட்டாயம் என்பதால், இருக்கிற ஒன்றைப் பிடுங்கினால் ஆப்ட் வேறு ஏதாவது ஒன்றைத் தானாகவே இழுத்து வரலாம், இல்லையென்றால் பி.எச்.பி.யையே மூட்டை கட்டிவிடலாம். முதலில் 'ஆப்ட் இன்ஸ்டால் பி.எச்.பி.-எஃப்.பி.எம்.' அது உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு 'ஆப்ட் பர்ஜ்' என்று அடித்து, பக்கத்தில் அப்பாச்சி2, லிப்அப்பாச்சி2-மாட்-பி.எச்.பி.8.2 இரண்டின் பெயரையும் கொடு. நீக்கப்படும் பட்டியலை ஆப்ட் காட்டும். அதில் பி.எச்.பி.8.2-சி.எல்.ஐ. இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒய். பிறகு என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் செய்.

இங்கேயே நிறுத்திவிடாதே. பி.எச்.பி. கோப்புகளை எஃப்.பி.எம்.முக்கு அனுப்பச் சொல்லி என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது உன் மதிப்பெண் பக்கத்தை ஓட்டாது, கோப்பாகவே டவுன்லோடுக்குக் கொடுத்துவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அந்தக் கோப்பில் எழுதியிருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். டெபியன் தரும் டிஃபால்ட் சைட் கோப்பில் அந்த வரிகள் கமென்ட்டாக ரெடியாக இருக்கின்றன. சாக்கெட் பெயரில் 8.2 என்று இருக்கிறதா என்று மட்டும் பார், பழைய எண் கிடக்கும்.

அடுத்த முறை எதைப் போட்டாலும் கட்டளையில் '-எஸ்' சேர்த்து ஒருமுறை ஓட்டு. உண்மையில் எதையும் போடாமல், என்னென்ன வரும், என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும். வேண்டாத ஒன்று பட்டியலில் கண்ணில் பட்டால், அதன் பெயருக்குப் பின்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி வைத்து அதே கட்டளையில் சேர்த்துவிடு. 'இவர் வேண்டாம்' என்று பொருள்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்: என் கட்டுரைகளைப் புத்தகமாக அடுக்க டெக்ஸ் போடச் சொன்னான் பேரன். 'டெக்ஸ்லைவ்-ஃபுல்' என்று அடித்தால் ஜிபி கணக்கில் கேட்கிறது. எனக்கு செல்போன் ஹாட்ஸ்பாட்தான், நாளுக்கு 1.5 ஜிபி. இவ்வளவும் தேவையா?

தேவையே இல்லை ஐயா. அந்த 'ஃபுல்' என்ற சொல்லைப் பேரன் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். உலகத்தில் உள்ள மொழிகளுக்கான பேக்கேஜ்கள், ஆவணங்கள் எல்லாம் அதில் வரும். 'டெக்ஸ்லைவ்-எக்ஸ்.இ.டெக்ஸ்'-இல் தொடங்குங்கள், யூனிகோட் தமிழ் எழுத்துருக்களை அது நேராக எடுத்துக்கொள்ளும். அடுக்கும்போது ஏதாவது ஸ்டைல் கோப்பு இல்லை என்று அலறினால், அலறியதை மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

கூட வருகிறவர்களில் மூன்று தரம் உண்டு. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 'டிபெண்ட்ஸ்' என்பது சோறும் சாம்பாரும், அது இல்லாமல் இலை போட முடியாது. 'ரெக்கமென்ட்ஸ்' என்பது அப்பளம். இல்லாமலும் பந்தி நடக்கும், சம்பந்தி வீட்டார் முகம்தான் போகிற போக்கு சரியிருக்காது. 'சஜஸ்ட்ஸ்' என்பது வெளியே மேசையில் இருக்கும் பீடா. 2009-இல் வந்த டெபியன் 5.0 முதல் ஆப்ட் அப்பளத்தையும் கேட்காமலே பரிமாறுகிறது. உபுண்டுவும் அப்படித்தான். பீடாவை நீங்கள் போய் எடுத்தால்தான் உண்டு.

அப்பளம் வேண்டாமென்றால் கட்டளையில் இரண்டு கோடு போட்டு 'நோ-இன்ஸ்டால்-ரெக்கமென்ட்ஸ்' என்று சேர்க்க வேண்டும். பதிவிறக்க அளவு சட்டென்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இதையே நிரந்தரமாக்க ஆப்ட் கான்ஃபிகில் ஒரு வரி எழுதலாம்தான். நான் எழுதிப் பட்டவள். திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக் லேபில் 27 வருடம் இருந்தேன். ஒரு ஜூன் மாதம், டிஸ்க்கை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று 20 மெஷினிலும் அந்த வரியைப் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். மறுநாள், இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டபிள்யூகெட் எந்த எச்.டி.டி.பி.எஸ். முகவரியையும் நம்ப மறுத்தது. சான்றிதழ் சரியில்லை என்று 20 மெஷினும் ஒரே குரலில் பாடின. அரை நாள் நெட்வொர்க்காரரைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், யாருடைய சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியலைத் தரும் 'சி.ஏ.-சர்ட்டிஃபிகேட்ஸ்' என்ற பேக்கேஜ் டபிள்யூகெட்டுக்கு அப்பளமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நானே வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். அதனால் டெக்ஸ் போன்ற கனத்த கட்டளைகளுக்கு மட்டும் அதைச் சேருங்கள், வீட்டுக்கே சட்டமாக்காதீர்கள்.

இன்னொன்று. பாதியில் டேட்டா தீர்ந்தால் கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் அதே கட்டளையை அடித்தால் நேற்று இறங்கியது மறுபடி இறங்காது, விட்ட இடத்திலிருந்து தொடரும். நடுவில் யாராவது 'ஆப்ட் கிளீன்' அடிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈரோடு, ஜவுளிக் கடைக் கணக்காளர்: பயன்படுத்தாத ஒரு புரோகிராமை நீக்கினேன். 'இவையெல்லாம் இனி தேவையில்லை, ஆட்டோரிமூவ் அடி' என்று ஆப்டே சொன்னது. அடித்தேன். இப்போது பிரின்டர் வேலை செய்யவில்லை. அதுவே சொல்லிவிட்டு அதுவே இப்படிச் செய்யலாமா?

ஆப்ட் ஒரு நோட்டு வைத்திருக்கிறது. நீங்கள் பெயர் சொல்லிப் போட்டவை 'மேனுவல்'. பிறர் இழுத்து வந்தவை 'ஆட்டோ'. கூட்டி வந்தவர் போய்விட்டால், வந்தவருக்கு வேறு ஆதரவு இல்லையென்றால், அவர் 'தேவையில்லை' பட்டியலில் சேர்ந்துவிடுவார். உங்கள் பிரின்டர் சாஃப்ட்வேர் அந்தப் புரோகிராமின் வாலைப் பிடித்து வந்திருக்கிறது. நீங்கள் அதைத் தினமும் பயன்படுத்துவது ஆப்டின் கணக்கில் இல்லை. கணக்காளருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பதிவில் இல்லாதது இல்லாததுதான்.

பயப்படாதீர்கள், ரோஜ்மேளா என்கிற நாள் கணக்குப் புத்தகம் மாதிரி ஆப்ட் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. வார், அதற்குள் லாக், அதற்குள் ஆப்ட், அதற்குள் 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பைத் திறங்கள். தேதி, நேரம், நீங்கள் அடித்த கட்டளை, 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியில் போனவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கும். அதில் அச்சுச் சேவையான 'கப்ஸ்' என்று தொடங்குபவற்றையும் உங்கள் பிரின்டர் டிரைவரையும் பெயர் சொல்லித் திரும்பப் போடுங்கள். பெயர் சொல்லிப் போட்டாலே அவை மேனுவல் ஆகிவிடும். மற்றவற்றுக்கும் முன்கூட்டியே பட்டா கொடுக்க 'ஆப்ட்-மார்க் மேனுவல்' என்று அடித்துப் பெயரைக் கொடுக்கலாம்.

நீங்கள் பரவாயில்லை, பிரின்டரோடு போயிற்று. 2021 நவம்பரில் கனடாவின் பிரபல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓ.எஸ். என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் கடையைப் போடப் போய், டெஸ்க்டாப்பையே இழந்தார். பேக்கேஜ்களுக்குள் இருந்த ஒரு முரண்பாட்டால், ஸ்டீமை ஏற்ற டெஸ்க்டாப்பை நீக்க வேண்டும் என்று ஆப்ட் முடிவு செய்தது. சும்மா ஒய் போதாது என்று 'யெஸ், டூ ஆஸ் ஐ ஸே!' என்று முழு வாக்கியத்தையும் அடிக்கச் சொன்னது. ஆச்சரியக்குறி உட்பட அடித்தார். அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைக் கேட்கும் பழக்கத்தையே ஆப்ட் விட்டுவிட்டது. இப்போது அப்படிப்பட்ட நீக்கத்தை நேராக மறுத்துவிடும். தப்பு அவர் மேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நூறு முறை ஒய் கேட்டுப் பழக்கியவர் நூற்றியோராவது முறை படிக்கவில்லையே என்று கோபித்தால் எப்படி?

யாழ்ப்பாணம், வாசகர்: நான் உபுண்டு பாவிக்கிறேன். அதில் வரும் இன்னொரு பேக்கேஜ் முறையான ஸ்நாப் எனக்கு விருப்பமில்லை, முழுசாக எடுத்துவிட்டேன். ஆனால் குரோமியம் பிரவுசர் போட்டவுடன் ஸ்நாப் திரும்ப வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் அப்படித்தான். இதை நிரந்தரமாக மறிக்க வழியுண்டா?

உண்டு. உபுண்டுவில் 19.10 முதல் குரோமியமும், 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸும் ஆப்ட் வழியாகக் கேட்டால் வெறும் உறைதான் வரும். உறைக்குள் 'ஸ்நாபைக் கூப்பிடு' என்ற சீட்டு இருக்கும். நீங்கள் விரட்டியவர் பின்வாசலால் வருவது இப்படித்தான்.

மறிக்க, இ.டி.சி.-க்குள் ஆப்ட், அதற்குள் 'ப்ரிஃபரன்சஸ்.டி' என்ற ஃபோல்டரில் மூன்று வரிக் கோப்பு ஒன்று வையுங்கள். முதல் வரி பேக்கேஜ்: ஸ்நாப்டி, அதாவது ஸ்நாபை ஓட்டும் பேக்கேஜ். இரண்டாவது வரி பின்: ரிலீஸ் ஏ சமக்குறி நட்சத்திரம், அதாவது எந்தக் கிளையிலிருந்து வந்தாலும். மூன்றாவது வரி பின்-ப்ரையாரிட்டி: கழித்தல் 10. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆப்ட் அதை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே விடாது. லினக்ஸ் மின்ட் 2020-இல் தன் 20-ஆம் பதிப்பிலிருந்து இதே மாதிரிக் கோப்பை 'நோஸ்நாப்' என்ற பெயரில் தானே வைத்து அனுப்புகிறது.

அதன் பிறகு குரோமியத்தைக் கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அதைத்தானே கேட்டீர்கள்? ஃபயர்ஃபாக்ஸ் வேண்டுமென்றால் அதைத் தயாரிக்கும் மொசில்லாவே 2024 ஜனவரி முதல் தன் சொந்த ஆப்ட் கிடங்கை நடத்துகிறது. அதைச் சேர்த்தால் மட்டும் போதாது, அங்கேயும் ஒரு பின் போட்டு 1000 என்று முன்னுரிமை கொடுக்க வேண்டும். உபுண்டுவின் உறை தன் பதிப்பு எண்ணுக்கு முன்னால் '1:' என்று ஒரு ஒட்டு வைத்திருக்கிறது. அந்த ஒட்டு இல்லாத ஃபயர்ஃபாக்ஸ் எத்தனை நூறாம் பதிப்பானாலும் ஆப்டின் கண்ணுக்கு அது பழசுதான்.

கோவை, பொறியியல் மாணவர்: ஒரு சின்ன வெப் ப்ராஜெக்ட். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை ஏற்றும் என்.பி.எம்.மில் 'என்.பி.எம். இன்ஸ்டால்' அடித்ததும் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் வீங்கிவிட்டது. எனக்குத் தெரியாத பெயர்களை டெலீட் செய்யலாமா அக்கா?

வேண்டாம் தம்பி. 'என்.பி.எம். எக்ஸ்ப்ளெயின்' என்று அடித்து அந்தப் பெயரைக் கொடு, யார் கூட்டி வந்தது என்று பரம்பரையையே சொல்லும். சர்வரில் ஏற்றும்போது '--ஓமிட்=டெவ்' சேர்த்தால் உருவாக்குவதற்கு மட்டும் தேவைப்பட்ட கருவிகள் வராது. கையால் ஒன்றைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று 2016 மார்ச் 22 அன்று உலகமே பார்த்தது. 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் திரும்ப எடுத்துக்கொண்டார். பேபல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி முதல் பெரிய ப்ராஜெக்டுகள் பல பில்ட் ஆகாமல் நின்றன. ஒரு சொல்லின் இடது பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அந்த 11 வரியின் முழு வேலை.

சிவகாசி, அச்சகம் நடத்துபவர்: பழைய லேபிள் பிரின்டரின் டிரைவர் 'லிப்பிஎன்ஜி12' கேட்கிறது, புது உபுண்டுவில் அது இல்லை. 'ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்' அடித்தால் ஏறிவிடும் என்கிறார்கள். அடிக்கட்டுமா?

ஏறும், ஓடாது. உபுண்டு 16.04-க்குப் பிறகு அந்த லைப்ரரி வரிசையிலிருந்தே போய்விட்டது. டிரைவர் ஓடும்போது அந்தக் கோப்பைத் தேடும், கிடைக்காமல் செத்துவிடும். நடுவில் உங்கள் ஆப்ட் வேறு நொண்டியாகிவிடும். லேபில் ஒரு மெஷினில் நான் இப்படி அடித்துவிட்டு, அதன் பிறகு எதைப் போடப் போனாலும் 'முதலில் உடைந்ததைச் சரி செய்' என்று அது மறித்ததில், 'ஃபிக்ஸ்-ப்ரோக்கன்' அடித்தேன். அடித்ததும் வம்பாக ஏற்றியதையே அது கழற்றி எறிந்தது.

'ஈக்விவ்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அதையும் யாராவது சொல்வார்கள். உள்ளே ஒன்றுமில்லாத, பெயர் மட்டும் உள்ள பேக்கேஜைச் செய்து தரும், ஆப்டைச் சமாதானப்படுத்த. சரக்கு உண்மையிலேயே வேறு வழியில் உங்களிடம் இருக்கிறது, ஆப்டுக்குத்தான் தெரியவில்லை என்னும்போது மட்டும் அது நியாயம். டெக்ஸ்லைவை அதன் சொந்தத் தளத்திலிருந்து போட்டவர்கள் இப்படிச் செய்வார்கள். உங்களிடம் சரக்கே இல்லை, வெறும் பில் போட்டு என்ன பயன்? கப்ஸோடு வரும் பொது டிரைவர்களில் உங்கள் பிரின்டர் பேசும் மொழி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், லேபிள் பிரின்டர்கள் பலவற்றுக்கு இருக்கும். இல்லையென்றால் 16.04 போட்ட பழைய மெஷின் ஒன்றை, நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, அந்த பிரின்டருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

விருதுநகர், பாலிடெக்னிக் மாணவர்: ஆர்டுயினோ நானோ வாங்கினேன், ரிச்சி ஸ்ட்ரீட் மலிவு போர்டு. என் விண்டோஸ் நண்பனுக்கு வேலை செய்கிறது. என் உபுண்டு 22.04-இல் செருகினால் யு.எஸ்.பி. போர்ட் ஒரு விநாடி தெரிந்து மறைகிறது. மூன்று கேபிள் மாற்றிவிட்டேன்.

கேபிளை விடு. 'சூடோ டிமெசேஜ்' (எழுத்துகள் டி.எம்.இ.எஸ்.ஜி.) அடித்து கடைசி வரிகளைப் பார், 'பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.' என்ற பெயர் இருக்கும். பார்வையற்றவர்களின் ப்ரெய்ல் கருவிகளை இயக்கும் சேவை அது, உபுண்டுவோடு தானாக வந்தது. உன் போர்டில் இருக்கும் சி.எச்.340 சிப்பின் அடையாள எண் 1ஏ86, 7523. அதே எண்ணில் ஒரு ப்ரெய்ல் கருவியும் இருப்பதால், உன் நானோவை அதுவென்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது.

உன் சொந்த லேப்டாப் என்றால் 'ஆப்ட் ரிமூவ் பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.' போதும், போர்டைக் கழற்றிச் செருகு. காலேஜ் லேப் மெஷினில் மட்டும் நீக்காதே. எங்கள் லேபில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இரண்டு வருடம் படித்தார், மூலையில் இருந்த ஒரே ஒரு மெஷின்தான் அவருக்குச் சரியாக இருந்தது. வேண்டாத சரக்கு என்று யாரோ அதில் எதையாவது நீக்கிவிட்ட நாளிலெல்லாம் அவர் ப்ராக்டிகலை விட்டுவிட்டு என் மேசை முன்னால் நிற்பார். அங்கே, செருகிய கருவியை யாரிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் '85-பி.ஆர்.எல்.டி.டி.ஒய்.' என்ற யுடெவ் ரூல்ஸ் கோப்பை இ.டி.சி.-யில் உள்ள யுடெவ் ரூல்ஸ் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, 7523 வருகிற அந்த ஒரு வரியின் முன்னால் மட்டும் ஹேஷ் குறி போட்டு, மெஷினை ரீஸ்டார்ட் செய். லேப் அசிஸ்டென்டிடம் சொல்லிவிட்டுச் செய்.